தம்பியின் போனஸ்: நிதித்துறையில் தரும் பெரும் சம்பளம் தகுதிக்குக் கிடைப்பதா?

மல்லிகைப்பந்தல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் செவிலியர். 17 வருட அனுபவம், கடைசி 6 வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில். என் தம்பி ஒரு பெரிய முதலீட்டு வங்கியில் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் பிரிவில் இருக்கிறான். இந்த வருடம் அவனுக்கு வந்த போனஸ், சம்பளத்தைச் சேர்க்காமலே, என்னுடைய ஒன்பது வருடச் சம்பளத்துக்குச் சமம்.

அவன் அதை மறைக்கவும் இல்லை, பெருமையடிக்கவும் இல்லை. நான் கேட்டேன், சொன்னான். "உனக்கே இது நியாயமாகப் படுகிறதா?" என்றதற்கு, "சந்தையில் என் விலை இது அக்கா" என்றான். அந்தப் பதில் மூன்று வாரமாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. விலை வேறு, தகுதி வேறு இல்லையா?

பொறாமையா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அவன் நன்றாக இருந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான். படிக்கும் காலத்தில் அவன் கண்விழித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். இப்போதும் விடிவதற்கு முன் கிளம்பி இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறான். ஆனால் நானும் இரவுப் பணி பார்க்கிறேன். என் கையில் ஒரு மருந்தின் அளவு தவறினால் ஓர் உயிர் போய்விடும். அவன் கையில் ஒன்று தவறினால் என்ன ஆகும், யாருக்கு ஆகும்? அது எனக்குத் தெரியவில்லை.

இந்தத் துறையை உள்ளிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அவனைத் திட்டுவதற்காக இதைத் தொடங்கவில்லை, புரிந்துகொள்ளத்தான்.

ஆறாம்விரல்

11 வருடம் அதே மாதிரி ஒரு டெஸ்க்கில், அதாவது வாங்கி விற்கும் குழுவில், இருந்தவன் நான். தம்பி சொன்னதில் உண்மை இருக்கிறது.

இந்த வேலையில் ஒருவர் கையாளும் தொகை மிகப் பெரியது. 1,000 கோடி புரளும் இடத்தில் ஒருவர் ஒரு சதவீதத்தில் நூற்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாமர்த்தியம் காட்டினால், அது 10 லட்சம். ஒரு நாளில். வருடத்தில் 200 நாள் அப்படிச் செய்தால் 20 கோடி. அதில் ஒரு சிறு பங்கை அவர் கேட்டால், அது வெளியே இருப்பவர் கண்ணுக்கு மலையாகத் தெரியும். கொடுக்காவிட்டால் அடுத்த வங்கி கொடுக்கும், அவர் போய்விடுவார். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. 2008 நிதி நெருக்கடியில் எங்கள் தளத்தில் ஒரே காலையில் பாதிப் பேர் வேலை இழந்தோம். அட்டைப்பெட்டியில் பொருள்களைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். நாற்பது வயதுக்கு மேல் அந்தத் தளத்தில் தாக்குப்பிடிப்பவர்கள் குறைவு. பத்து வருடத்தில் வாழ்நாள் சம்பாத்தியத்தைப் பார்க்க வேண்டிய வேலை. விளையாட்டு வீரர்களுக்கு இப்படித்தான் கொடுக்கிறார்கள், அவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லையே.

நள்ளிரவுவாசகர்

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? பணம் புழங்கும் இடத்தில் இருப்பவனுக்குப் பணம் ஒட்டும். காலம் காலமாக இருப்பதுதான்.

கரும்பலகை

பொருளியல் கற்பிக்கிறேன். ஆறாம்விரல் சொன்ன வாதத்துக்குக் கல்வி உலகில் நல்ல வேர் உண்டு. 1981இல் ஷெர்வின் ரோசன் எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்கியது. ஒருவரின் திறமை ஒரே சமயத்தில் பெரும் கூட்டத்தையோ பெரும் தொகையையோ எட்டும் துறையில், திறமையில் சிறிய வித்தியாசம் வருமானத்தில் பெரிய வித்தியாசமாகிவிடும். பாடகர், விளையாட்டு வீரர், பெரிய நிறுவனத் தலைவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஆனால் அந்தக் கணக்கு நிதித்துறைக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பார்க்க வரலாறு உதவுகிறது. தாமஸ் ஃபிலிப்பான், ஏரியல் ரெஷெஃப் இருவரும் 1909 முதல் சுமார் நூறாண்டு அமெரிக்கச் சம்பளங்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். 1930களுக்கு முன் நிதித்துறைச் சம்பளம் மற்ற துறைகளைவிட மிக உயரத்தில் இருந்தது. பெருமந்தத்துக்குப் பிறகு கட்டுப்பாடுகள் வந்ததும் இறங்கியது. பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தது. 1980களில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தத் தொடங்கியதும் மறுபடி ஏறியது.

அவர்கள் கணக்கில், ஒரே அளவு படித்தவர்களை ஒப்பிட்டால் 1990 வரை நிதித்துறையிலும் மற்ற துறைகளிலும் ஏறக்குறைய ஒரே சம்பளம். 2006க்குள் நிதித்துறைக்காரர் சராசரியாக 50 சதவீதம் கூடுதலாக வாங்கினார். உயர்மட்ட நிர்வாகிகளுக்கு அந்தக் கூடுதல் 250 சதவீதம்.

பதினாறு வருடத்தில் நிதித்துறைக்காரர்களின் மூளை மட்டும் இத்தனை மடங்கு வளர்ந்திருக்க முடியாது. திறமை மட்டுமே காரணம் என்றால் சட்டம் மாறும்போதெல்லாம் சம்பளம் ஏன் ஏறி இறங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ரோசனின் கட்டுரையில் விடை இல்லை.

இடர்க்கணக்கு

மல்லிகைப்பந்தல் அக்காவின் கேள்வியில் இருக்கும் கடைசி வரிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். "அவன் கையில் தவறினால் யாருக்கு ஆகும்?" நான் 14 வருடம் வங்கிகளின் ரிஸ்க் பிரிவில் இருந்தேன். டிரேடர்கள் (வாங்கி விற்பவர்கள்) எடுக்கும் இடரை அளந்து, எல்லை மீறினால் தடுக்க வேண்டிய வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எளிய உதாரணம் ஒன்று. ஒருவர் ஒரு வகைக் காப்பீட்டை விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ வாங்கிய கடன் திரும்பி வராவிட்டால் தான் கொடுப்பதாக உத்தரவாதம் தருகிறார், அதற்குக் கட்டணம் வாங்குகிறார். கடன் எப்போதாவதுதான் மூழ்கும். எனவே வருடம் 10 கோடி லாபம். ஒன்பது வருடம் இப்படியே போகிறது. லாபத்தில் பத்தில் ஒரு பங்கு போனஸ் என்றால் வருடத்துக்கு ஒரு கோடி, ஒன்பது வருடத்தில் 9 கோடி. பத்தாம் வருடம் கடன்கள் மொத்தமாக மூழ்குகின்றன. நட்டம் 120 கோடி.

பத்து வருடத்தையும் சேர்த்தால் வங்கிக்கு 30 கோடி நட்டம். அந்த மனிதர் வங்கிக்கு ஒரு பைசா சம்பாதித்துத் தரவில்லை. ஆனால் 9 கோடி அவர் வீட்டில் இருக்கிறது. பத்தாம் வருடம் அவருக்குக் கிடைக்கும் பெரிய தண்டனை, போனஸ் இல்லை என்பதும் வேலை போவதும்தான்.

இதில் மோசடி எதுவும் இல்லை. அந்த மனிதர் நல்லவராகவே இருக்கலாம். தன்னைத் திறமைசாலி என்று உண்மையாகவே நம்பியிருக்கலாம். ஒன்பது வருடக் கணக்குப் புத்தகம் அவரைத் திறமைசாலி என்றுதானே காட்டுகிறது! எனக்கு இதில் ஆறவே ஆறாத விஷயம், ஒன்பதாவது வருடத்தில் நின்று பார்த்தால் நிஜமான திறமைசாலியையும் இவரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை என்பது.

நான் கற்பனை செய்யவில்லை. ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்தின் ஒரு சிறிய பிரிவு கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. வீட்டுக் கடன்களை அடிப்படையாகக் கொண்ட பத்திரங்களுக்கு உத்தரவாதம் விற்றது. 2008இல் நிறுவனமே சாய்ந்தது, அமெரிக்க அரசு தூக்கி நிறுத்தியது. 2009 மார்ச்சில் அதே பிரிவில் இருந்தவர்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் போனது.

அந்த ஒரு நிறுவனத்தோடும் நிற்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2009 ஜூலையில் ஓர் அறிக்கை தந்தது. அரசிடம் மொத்தம் 17,500 கோடி டாலர் உதவி பெற்ற ஒன்பது வங்கிகள், 2008ஆம் ஆண்டுக்காக 3,260 கோடி டாலர் போனஸ் கொடுத்திருந்தன. அவற்றில் சிட்டிகுரூப், மெரில் லிஞ்ச் இரண்டும் சேர்ந்து அந்த வருடம் இழந்தது 5,400 கோடி டாலர். அந்த இரண்டும் கொடுத்த போனஸ் சுமார் 900 கோடி டாலர்.

லாபம் வந்த வருடம் லாபத்துக்காகப் போனஸ். நட்டம் வந்த வருடம் ஆட்கள் போய்விடக் கூடாது என்பதற்காகப் போனஸ். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

ஆறாம்விரல்

> அதே பிரிவில் இருந்தவர்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் போனது

இதில் ஒரு நியாயம் விட்டுப்போகிறது. அந்தப் பணம் முன்கூட்டியே கையெழுத்திட்ட ஒப்பந்தம். வாங்கிய எல்லோரும் அந்த உத்தரவாதங்களை விற்றவர்கள் இல்லை. தீப்பிடித்த வீட்டில் தங்கி அணைக்க ஒப்புக்கொண்டவர்களும் அதில் உண்டு. சிக்கலான ஒப்பந்தங்களைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் கிளம்பியிருந்தால் மக்கள் பணம் இன்னும் அதிகமாகப் போயிருக்கும். பொதுமக்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெயர் தெரியாத சாதாரண ஊழியர்கள் வீட்டு வாசலில் மிரட்டலை எதிர்கொண்டார்கள். அது சரியில்லை.

2008க்குப் பிறகு விதிகளும் மாறிவிட்டன. இப்போது பெரிய போனஸில் ஒரு பகுதியை உடனே தருவதில்லை. தள்ளிப்போட்டு, வங்கியின் பங்குகளாகத் தருகிறார்கள்.

இடர்க்கணக்கு

ஒப்பந்தம் பற்றிச் சொன்னது சரி. அந்தத் தனிமனிதர்கள் மீது எனக்கும் வருத்தம் இல்லை. அப்படி ஓர் ஒப்பந்தத்தை எழுதவைத்த முறை மீதுதான்.

தள்ளிப்போடுவது பற்றி அப்புறம் எழுதுகிறேன், அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

சேமிப்புஉண்டியல்

நான் வங்கிக்காரன் இல்லை. ஓய்வுக்காலத்துக்காகச் சேமிப்பவன். என் பணத்தை நிர்வகிக்கிறவர்கள் எடுக்கும் கட்டணத்தை உட்கார்ந்து கணக்குப் போட்ட நாளிலிருந்து இந்த விஷயத்தை விட முடியவில்லை.

ஹெட்ஜ் ஃபண்டுகளில் (பணக்காரர்கள், பெரிய நிறுவனங்கள் ஆகியோரின் பணத்தை வாங்கி முதலீடு செய்பவை) பழைய வழக்கம் "இரண்டும் இருபதும்". போட்ட பணத்தில் வருடம் 2 சதவீதம், லாபத்தில் 20 சதவீதம். நட்டம் வந்தாலும் அந்த 2 சதவீதம் போகும். நட்டத்தில் 20 சதவீதத்தை நிர்வாகி தன் கையிலிருந்து போடுவதில்லை.

வாரன் பஃபெட் இதை வைத்து 10 லட்சம் டாலர் பந்தயம் கட்டினார். 2008 முதல் 2017 வரை பத்து வருடம். ஒரு பக்கம் அமெரிக்கப் பெருநிறுவனப் பங்குகளின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை அப்படியே பின்பற்றும் மலிவான இண்டெக்ஸ் ஃபண்டு. இன்னொரு பக்கம் தேர்ந்த நிபுணர்கள் பொறுக்கியெடுத்த ஐந்து ஃபண்டுகள், ஒவ்வொன்றும் பல ஹெட்ஜ் ஃபண்டுகளில் முதலீடு செய்தவை. முடிவில் இண்டெக்ஸ் ஃபண்டு 125.8 சதவீதம் வளர்ந்திருந்தது. ஐந்தில் சிறந்தது 87.7 சதவீதம். கடைசியில் வந்தது 2.8 சதவீதம். பத்து வருடத்துக்கு 2.8!

அந்தப் பத்து வருடமும் அந்த நிர்வாகிகள் நன்றாகவே சம்பாதித்திருப்பார்கள்.

இன்னொரு கணக்கு. 1,024 பேர் நாணயத்தைச் சுண்டுகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை. தலை விழாதவர் வெளியேற வேண்டும். பத்து வருடம் கழித்துச் சராசரியாக ஒருவர் மிஞ்சுவார், பத்து முறையும் தலை போட்டவர். அவருக்கு எந்தத் திறமையும் தேவையில்லை. ஆனால் அவர் படம் பத்திரிகை அட்டையில் வரும், அவருடைய காலை நேரப் பழக்கங்களைப் பற்றிக் கட்டுரை வரும்.

ஆறாம்விரல்

நாணயக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. ரெனைசான்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மெடாலியன் என்ற ஹெட்ஜ் ஃபண்டு 5 சதவீதமும் லாபத்தில் 44 சதவீதமும் கட்டணம் எடுத்த காலத்திலும் சந்தையை வெகுதூரம் தாண்டி ஓடியது. பத்து வருடம் இல்லை, அதைவிட வெகுகாலம். அது அதிர்ஷ்டம் என்று யாராலும் சொல்ல முடியாது.

சேமிப்புஉண்டியல்

ஒப்புக்கொள்கிறேன். நிஜத் திறமை இருக்கிறது. ஆனால் அந்த ஃபண்டில் வெளியாள் யாரும் பணம் போட முடியாது, பெரும்பாலும் ஊழியர்கள் பணம்தான். பாருங்கள், உண்மையிலேயே முடிகிறவர்கள் தங்கள் பணத்தைத் தாங்களே பெருக்கிக்கொள்கிறார்கள். என் பணத்தைக் கேட்டு வருகிறவர்களைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

கவுண்டர்_எண்_4

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "நிதித்துறைச் சம்பளம்" என்று பொதுவாகச் சொல்லும்போது மனம் வலிக்கிறது. நானும் நிதித்துறைதான். வங்கிக் கிளையில் கவுண்டரில் உட்கார்கிறேன். என் சம்பளம் அக்காவின் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

எங்களுக்கும் "ஊக்கத்தொகை" உண்டு. பணம் எடுக்க வரும் வயதானவரிடம் காப்பீடு விற்க வேண்டும், கிரெடிட் கார்டு தள்ள வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் தினமும் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்வார்கள். ஒரு தாத்தாவிடம் அவருக்குத் தேவையே இல்லாத ஒரு திட்டத்தை விற்றேன். அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு எனக்குக் கிடைத்த தொகை ஒரு நல்ல செருப்பு வாங்கக்கூடக் காணாது. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

வெல்ஸ் ஃபார்கோ என்ற அமெரிக்க வங்கியில் நடந்தது இதுதான். 2016இல் வெளியே வந்தது. இலக்கை எட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்திருந்தார்கள். சுமார் 5,300 பேரை வேலையைவிட்டு நீக்கினார்கள், பெரும்பாலும் என்னைப் போன்ற கீழ்மட்டத்தவர்கள். செய்தி வெடித்து, நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் தலைமை நிர்வாகியிடமிருந்து முதலில் 4.1 கோடி டாலர் பங்குகளும், மறு வருடம் இன்னொரு 2.8 கோடி டாலரும் திரும்பப் பெற்றார்கள்.

போனஸ் மனிதரை மாற்றும். சிறிய போனஸே மாற்றும். பெரிய போனஸ் மாற்றாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மல்லிகைப்பந்தல்

கவுண்டர்_எண்_4, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். மனம் திறந்து எழுதியதற்கு நன்றி.

எனக்கு ஒரு கேள்வி. தம்பியின் வங்கி சம்பாதிக்கும் பணத்தில் எவ்வளவு ஊழியர்களுக்குப் போகிறது? முதல் போட்டவர்களுக்கு எவ்வளவு?

இடர்க்கணக்கு

நல்ல கேள்வி. ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன், நெருக்கடிக்கு முந்தைய உச்ச வருடம். 2007இல் கோல்ட்மன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியின் நிகர வருவாய் சுமார் 4,600 கோடி டாலர். அதில் சம்பளம், போனஸ், சலுகைகளுக்குப் போனது சுமார் 2,019 கோடி. எல்லாச் செலவும் வரியும் போக நிகர லாபம் சுமார் 1,160 கோடி. அதாவது முதல் போட்டுப் பொறுப்பைச் சுமந்த பங்குதாரர்களுக்கு மிஞ்சியதைவிட, அங்கே வேலை செய்தவர்களுக்குப் போனது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு.

இதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தக் காலத்து வால் ஸ்ட்ரீட் நிறுவனங்கள் பெரும்பாலும் கூட்டாண்மைகள். கூட்டாளிகளின் சொந்தப் பணம்தான் முதல். நட்டம் வந்தால் வீடுவாசல் வரை போகும். 1970இல்தான் நியூயார்க் பங்குச் சந்தை தன் உறுப்பினர் நிறுவனங்கள் பொதுமக்களுக்குப் பங்கு விற்க அனுமதித்தது. பிறகு ஒவ்வொன்றாக மாறின. மோர்கன் ஸ்டான்லி 1986இல், கோல்ட்மன் சாக்ஸ் 1999இல்.

கூட்டாளி ஒருவர் இன்னொருவரின் தோளுக்குப் பின்னால் நின்று "என்ன வாங்குகிறாய்?" என்று கேட்பார், ஏனென்றால் அது அவர் வீட்டுப் பணம். முதல் ஊரார் பணமான பிறகு அந்தக் கண் போய்விட்டது. அந்தக் கண்ணுக்குப் பதிலாக என்னைப் போன்றவர்களைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். ஒரு முறை நான் ஒரு டெஸ்க்கின் இடர் எல்லையை உயர்த்த மறுத்தேன். அந்த டெஸ்க்கின் தலைவர் என்னைவிடப் பத்து மடங்கு வாங்குபவர். எனக்கு மேலே இருந்தவரிடம் பேசினார், மறுநாள் எல்லை உயர்ந்தது. யார் சொல் எடுபடும் என்பதைச் சம்பளமே சொல்லிவிடுகிறது.

அரசு, வைப்புத்தொகை போட்டவர்களுக்கு உத்தரவாதம் தருகிறது, பெரிய வங்கியை விழவிடாது என்று சந்தையும் நம்புகிறது. அதனால் வங்கிக்கு மலிவாகக் கடன் கிடைக்கிறது. அந்த மலிவுக்கான விலையை வரி கட்டும் எல்லோரும் சுமக்கிறோம். அதில் வரும் லாபத்தின் ஒரு பகுதி, திறமைக்கான பரிசு என்ற பெயரில் போனஸாகிறது.

நள்ளிரவுவாசகர் சொன்ன தேன் பழமொழியை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். புறங்கையில் ஒட்டியதை யாரும் கணக்குக் கேட்கவில்லை. இங்கே பாதிக் குடம் போகிறது. குடம் உடைந்தால் விலை கொடுப்பது வேறொருவர்.

ஆறாம்விரல்

இதற்கு எதிர்வாதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாக நடந்ததைச் சொல்கிறேன்.

2008இல் வேலை போன பிறகு, "இத்தனை வருடம் வங்கிக்குச் சம்பாதித்துக் கொடுத்தவனுக்கு, தனக்குச் சம்பாதிக்கத் தெரியாதா?" என்று சொந்தப் பணத்தில் வர்த்தகம் தொடங்கினேன். அதே மனிதன், அதே மூளை, அதே உழைப்பு. இரண்டரை வருடம் முயன்றேன். ஆரம்பத்தில் போட்டதில் ஐந்தில் இரண்டு பங்கு போன பிறகு நிறுத்தினேன்.

என்ன இல்லை என்று பிறகுதான் புரிந்தது. பெரிய நிறுவனங்கள் எங்கள் டெஸ்க்குக்குத் தாமாகவே தொலைபேசியில் வருவார்கள், வாங்கவும் விற்கவும். யார் என்ன செய்கிறார்கள் என்பது அந்த அழைப்புகளிலேயே தெரியும். வெளியே எனக்கு யாரும் கூப்பிடவில்லை. மலிவான கடனும் இல்லை. அந்த நாற்காலி சம்பாதித்ததை நான் சம்பாதித்ததாக 11 வருடம் நினைத்திருந்தேன்.

என் வாதம் முழுக்கத் தவறு என்று சொல்லவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து பணத்தைத் தொலைத்தவர்களும் உண்டு. என் பங்கு எவ்வளவு, நாற்காலியின் பங்கு எவ்வளவு என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

நள்ளிரவுவாசகர்

இதைப் பொதுவெளியில் எழுத மனம் வேண்டும், சகோ. வணக்கம்.

சேமிப்புஉண்டியல்

அப்படியானால் ஒரு உச்சவரம்பு வைத்துவிட்டால் போகிறது. இத்தனை மடங்குக்கு மேல் போனஸ் கூடாது என்று.

கரும்பலகை

ஐரோப்பிய ஒன்றியம் வைத்துப் பார்த்தது. 2014 முதல், இடர் எடுக்கும் பொறுப்பில் உள்ள வங்கி ஊழியர்களுக்குப் போனஸ் நிலையான சம்பளத்தைத் தாண்டக் கூடாது, பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டால் இரண்டு மடங்கு வரை போகலாம் என்று விதி. வங்கிகள் என்ன செய்தன? நிலையான சம்பளத்தை ஏற்றின, "பதவிப்படி" என்ற பெயரில் புதுப் படிகள் கொடுத்தன. மொத்தத்தில் பெரிய மாற்றமில்லை. நட்டம் வந்தால் வெட்டக்கூடிய போனஸ் குறைந்து, வெட்ட முடியாத சம்பளம் கூடியதுதான் மிச்சம். பிரிட்டன் 2023 அக்டோபரில் அந்த வரம்பையே எடுத்துவிட்டது.

பணக்காரர்கள் மீது பரிவு காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வரம்பு என்பது எவ்வளவு என்ற கேள்விக்கு விடை. இடர்க்கணக்கு சொன்ன பத்து வருட உதாரணத்தில் சிக்கல் எப்போது கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

போனஸ் இல்லாவிட்டால் உழைக்கமாட்டார்கள் என்பதையும் நான் நம்பவில்லை. டாய்ச்சு வங்கியின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜான் க்ரையன் 2015இல் வெளிப்படையாகச் சொன்னார்: தன் ஒப்பந்தத்தில் ஏன் போனஸ் வைத்தார்கள் என்று தனக்குப் புரியவில்லை, கூடுதலாகக் கொடுத்தாலும் குறைத்தாலும் தன் உழைப்பு மாறப்போவதில்லை என்று. வங்கித் தலைவர் ஒருவரே சொன்னது.

கவுண்டர்_எண்_4

சார், இந்தத் துறையால் உலகத்துக்கு என்ன பயன் என்பதையும் யாராவது சொல்லுங்கள். அது தெரியாமல் தகுதியைப் பற்றி எப்படிப் பேசுவது?

கரும்பலகை

பயன் இல்லாமல் இல்லை. சேமிப்பவரையும் கடன் வேண்டியவரையும் இணைப்பதுதான் அடிப்படை வேலை. அந்த வேலைக்கு ஆகும் செலவை ஃபிலிப்பான் 130 வருடங்களுக்குக் கணக்கிட்டார். 100 டாலரை இணைத்துவைக்க நிதித்துறை எடுத்துக்கொள்வது ஒன்றரை முதல் 2 டாலர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதுதான், கணினியும் இணையமும் வந்த பிறகும் அதுதான். வேறு எந்தத் துறையில் கருவிகள் இத்தனை வளர்ந்தும் விலை இறங்காமல் இருக்கிறது? மிச்சமான செலவு வாடிக்கையாளருக்கு வந்து சேரவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பால் வோல்க்கர் 2009இல், தான் பார்த்த வங்கித்துறைப் புதுமைகளில் பயனுள்ளது ஏடிஎம் இயந்திரம்தான் என்று வங்கியாளர்கள் முன்பே சொன்னார். கொஞ்சம் கடுமைதான். ஆனால் சொன்னவர் அந்தத் துறையைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர்.

ஆறாம்விரல்

அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனைக் கட்டடமே யாரோ வாங்கிய கடன் பத்திரத்தில் எழுந்திருக்கலாம். அந்தப் பத்திரத்தை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் ஒருவர் குறைந்த வட்டிக்கு வாங்குகிறார். அந்த நம்பிக்கையைத் தருவது தம்பி மாதிரி ஆட்கள். இதை நான் இன்றும் நம்புகிறேன். ஒன்பது வருடச் சம்பளத்துக்குச் சமமா என்பதுதான் கேள்வி.

இடர்க்கணக்கு

தள்ளிப்போடுவது பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

2009இல் நிதி நிலைப்புத்தன்மை வாரியம் என்ற சர்வதேச அமைப்பு கொண்டுவந்த நெறிமுறைகளின்படி, முக்கியப் பொறுப்பில் உள்ளவர்களின் போனஸில் 40 முதல் 60 சதவீதம் வரை பல வருடங்களுக்குத் தள்ளிப்போட வேண்டும். பல நாடுகள் விதியாக்கின. பிரிட்டன் 2016இல் இன்னும் மேலே போய், உயர்நிலை மேலாளர்களுக்கு ஏழு வருடம் வரை தள்ளிவைப்பதும், கொடுத்ததைத் திரும்ப வாங்குவதற்குப் பத்து வருடம் வரை அவகாசமும் வைத்தது. முன்னேற்றம்தான். மறுக்கவில்லை.

ஆனால் பெரும்பாலான இடங்களில் மூன்று, நான்கு வருடம்தான். கடன்கள் பெருகி மூழ்கும் சுழல் அதைவிட நீளமானது. பங்காகக் கொடுப்பதும் முழு மருந்து இல்லை. 2008இல் வீழ்ந்த முதலீட்டு வங்கிகளான பியர் ஸ்டெர்ன்ஸ், லேமன் பிரதர்ஸ் இரண்டிலும் தலைவர்கள் ஏராளமான பங்கு வைத்திருந்தார்கள், அவையெல்லாம் அழிந்தன என்று அவர்களுக்காகப் பலர் வருந்தினார்கள். ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் பெப்சுக் குழு கணக்கிட்டுப் பார்த்தது. 2000 முதல் 2008 வரை, போனஸாகவும் பங்குகளை இடையிடையே விற்றும், பியர் ஸ்டெர்ன்ஸின் முதல் ஐந்து பேர் சுமார் 140 கோடி டாலரும், லேமனின் முதல் ஐந்து பேர் சுமார் 100 கோடி டாலரும் வெளியே எடுத்திருந்தார்கள். ஆனை படுத்தாலும் குதிரை மட்டம்.

என் கருத்தை ஒரே வரியில் கேட்டால்: எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் அந்த இடரின் ஆயுள் முடியும்வரை கையில் கொடுக்காதீர்கள். என் உதாரணத்து மனிதருக்கு அந்த 9 கோடி பத்தாம் வருடம்வரை வங்கியிலேயே இருந்திருந்தால், அந்தக் காப்பீட்டை அவர் விற்றிருக்கவே மாட்டார்.

மல்லிகைப்பந்தல்

எல்லோருக்கும் நன்றி. நேற்று எனக்கு விடுமுறை, தம்பி வந்திருந்தான். இந்த இழையை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முழுதும் படித்தான். ஆறாம்விரல் எழுதிய நாற்காலிப் பதிவை இரண்டு முறை படித்தான்.

அவன் போனஸில் பாதி பங்காகத் தருகிறார்களாம், மூன்று வருடத்தில் மூன்று பகுதியாக வருமாம். "பத்து வருடம் கழித்துத்தான் தருவோம் என்றால் இருப்பாயா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "என் மேலாளருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் அதே விதி என்றால் இருப்பேன். எனக்கு மட்டும் என்றால் அடுத்த வங்கிக்குப் போய்விடுவேன்" என்றான். நேர்மையான பதில் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அவனாகவே ஒன்று சொன்னான். சில வருடங்களுக்கு முன் அவன் கட்டிய ஒரு பெரிய பொசிஷன் (வங்கிக்காக எடுத்து வைத்த முதலீடு), அந்த வருடக் கணக்கில் நல்ல லாபம் காட்டியது. அவன் வேறு டெஸ்க்குக்கு மாறிப் போன பிறகு அது நட்டத்தில் முடிந்தது. அவன் இடத்துக்கு வந்த பையன் அந்த நட்டத்தைச் சுமந்தான், அந்த வருடமே வேலையையும் இழந்தான்.

"உன் அந்த வருடத்துப் போனஸ்?" என்று கேட்டேன்.

"வாங்கியாச்சு அக்கா" என்றான். அந்தப் பையனின் எண் இன்னும் தன் போனில் இருக்கிறது என்றான்.